ஐரோப்பாவில் எங்கள் அக்கா



ஐரோப்பா என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது என்ன? பனி மூடிய மலைகளா? பாரிஸ் நகரத்துக் கோபுரமா? எங்களுக்கும் அவைதாம் தோன்றின. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் பொறியியல் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார். அவரும் நம் பள்ளியில் படித்தவரே. நாம் உட்காரும் இதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மதிய உணவு உண்டவரே. அவர் அனுப்பும் படங்களை எங்கள் தோழி கைப்பேசியில் காட்டுவாள். ஒன்றில் பழைய கோட்டை வாசல், இன்னொன்றில் ஆற்றுப் பாலம், மற்றொன்றில் மூன்று நாடுகள் சந்திக்கும் இடத்தில் நடப்பட்ட கல். எல்லாவற்றிலும் அதே சிவப்புக் கம்பளிச் சட்டைதான். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. படத்தில் இருந்த ஊர்களை மட்டுமே கவனித்தோம்.

ஊராரும் கவனித்தனர். "படிக்கப் போனாளா, ஊர் சுத்தப் போனாளா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக் கேட்டாலும் அது அக்காவின் அம்மாவுக்குத் தைத்தது. கல்விக்கடன் வாங்கி, அப்பாவின் பங்காக வந்த நிலத்தையும் அடகு வைத்து அனுப்பிய குடும்பம் அது. "என்ன பதில் சொல்ல, எனக்கே ஒண்ணும் தெரியலையே மக்கா" என்று அந்த அம்மா எங்களிடம் சொன்னார்.

அப்படியானால் நாமே கேட்டு விடுவோம் என்று, 2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு நாங்கள் ஆறு பேர் அவர்கள் வீட்டுத் திண்ணையில் கூடினோம். ஒரு நோட்டில் 32 கேள்விகள் எழுதி வைத்திருந்தோம். நமக்கு மாலை 5 மணி என்றால் அங்கே பகல் 12.30. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி பின்னுக்கு வைப்பார்கள். ஆகவே கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. முதல் கேள்விக்குக் கிடைத்த முதல் செய்தியே இதுதான்.

அக்கா இருக்கும் ஊரின் பெயரை எழுத்துக் கூட்டி 'ஆச்சன்' என்று வாசித்தோம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். 'ஆகன்' என்று, க-வை 'ஹ' போல மெல்லச் சொல்ல வேண்டுமாம். ஜெர்மனியின் மேற்குக் கோடியில், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய இரு நாடுகளையும் தொட்டுக்கொண்டு இருக்கும் ஊர். 1,200 ஆண்டுகளுக்கு முன் பேரரசர் சார்லமேன் அங்கே அரண்மனையும் ஆலயமும் கட்டினார். 814-இல் இறந்தபோது அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் முடிசூடியதும் அங்கேதான். 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் இருந்த இடங்கள் 12. அவற்றுள் இந்த ஆலயம் ஒன்று. ஊருக்குள் வெந்நீர் ஊற்றுகளும் உண்டு. ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே குளிக்க வருகிறார்களாம். கந்தக நீர் ஆதலால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்றார் அக்கா. படங்களில் நாற்றம் தெரியாதல்லவா!

போன கதையை முதலில் சொல்லிவிடுகிறோம், பெற்றோருக்குப் பயன்படும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. நம் நாட்டு மாணவருக்கும் கிடையாது. விதிவிலக்கு உண்டு: பாடன் வுர்ட்டம்பர்க் என்ற மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மற்ற இடங்களில் அரையாண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு தொகை மட்டும். அக்காவுக்கு அது 300 யூரோவுக்குச் சற்று மேல். அதிலேயே ரயில் சீட்டும் அடங்கிவிடும். அதைப் பிறகு சொல்கிறோம்.

"இலவசப் படிப்பு என்றால் கடன் எதற்கு?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி! படிப்பு இலவசம், சாப்பாடு இலவசமில்லை. விசா கேட்கும்போதே ஓராண்டுச் செலவுக்கான பணத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 'பிளாக்டு அக்கவுண்ட்' என்கிறார்கள். போட்ட பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது; மாதம் ஒரு பங்குதான் கைக்கு வரும். அக்கா சென்ற 2023-இல் அந்தத் தொகை 11,208 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 10 லட்சம் ரூபாய். 2024 செப்டம்பரில் அதை 11,904 யூரோவாக உயர்த்திவிட்டார்கள். இதற்கும் முன்னதாக, நம் சான்றிதழ்கள் உண்மையானவைதாம் என்று சோதித்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் ஒன்று வேண்டும். இந்திய மாணவருக்கு 2022 நவம்பர் முதல் அது கட்டாயம். ஆக, ஆசை வந்தவுடன் கிளம்பிவிட முடியாது. ஓராண்டு முன்பே காகிதங்களைத் தேடத் தொடங்க வேண்டும்.

அக்காவுக்கு மாதம் 934 யூரோ கைக்கு வந்தது. அதில் அறை வாடகை 340. மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதற்கு நூற்றுக்கு மேல். மிச்சத்தில் அரிசி, பருப்பு, கம்பளிச் சட்டை, புத்தகம், போன். முதல் மூன்று மாதம் அக்கா எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்த்தாராம். ஒரு காலிஃபிளவரைக் கையில் எடுத்து, 90-ஆல் பெருக்கி, திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறார். "பெருக்கிக்கொண்டே இருந்தால் பட்டினிதான் கிடக்க வேண்டும். ஒருநாள் பெருக்குவதை நிறுத்தினேன்" என்றார்.

அறையில் அவர் மட்டும். சமையற்கட்டும் குளியலறையும் வேறு மூன்று மாணவியரோடு பொது. ஒருத்தி துருக்கி, ஒருத்தி ஸ்பெயின், ஒருத்தி ஜெர்மானியப் பெண். சமையலறைச் சுவரில் இந்த வாரம் யார் தரை துடைப்பது, யார் குப்பை இறக்குவது என்று அட்டவணை தொங்கும். குப்பையைச் சும்மா கொட்டிவிட முடியாது. காகிதத்துக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறைகளுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. கண்ணாடிப் போத்தல்களைத் தெருமுனைப் பெட்டியில் நிறம் பிரித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் கேட்குமாம்! தண்ணீர் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். அக்கா ஒரு மாதம் சேர்த்துக் கொண்டுபோய்ப் போட்டு அதில் ஒரு கிலோ வெங்காயம் வாங்குவாராம். நம் பள்ளி விளையாட்டு விழா முடிந்த மறுநாள் மைதானம் கிடக்கும் கோலத்தை நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஞாயிறு அங்கே அமைதி நாள். பேக்கரி, மருந்துக்கடை போன்ற சிலவற்றைத் தவிரக் கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை வாங்க மறந்தால் ஞாயிறு பட்டினி, அல்லது பக்கத்து அறைக்காரியின் தயவு. அதனால்தான் ஞாயிறு மதியம் அக்காவுக்கு எங்களோடு பேச நேரம் கிடைத்தது.

குளிரைப் பற்றிக் கேட்டோம். குளிர் பெரிதில்லை, இருட்டுதான் பெரிது என்றார். டிசம்பரில் காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் எழுகிறது; மாலை நாலரைக்கே மறைந்துவிடுகிறது. ஜூனில் இரவு பத்து மணி நெருங்கியும் வெளிச்சம் இருக்கும். "நம் ஊர் வெயிலைத் திட்டாதீர்கள், முதல் நவம்பரில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெளிச்சம் வரும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்" என்றார். தூத்துக்குடி வெயிலில் நின்று வளர்ந்தவர் இப்படிச் சொல்வது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

வகுப்புகளின் முறையும் வேறு. பல வகுப்புகள் குறித்த நேரத்திலிருந்து கால் மணி கழித்தே தொடங்கும். அது சோம்பலன்று, பழைய வழக்கம். பேராசிரியர் வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. வகுப்பு முடிந்ததும் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள்! முதல் நாள் அது கோபத்தில் தட்டுவது என்று அக்கா பயந்துபோனாராம். வருகைப் பதிவு பெரும்பாலும் இல்லை. "வந்தாயா, படித்தாயா என்று கேட்க ஒரு சிஸ்டர் இல்லை. முதலில் அது சுகமாக இருந்தது" என்றார். அந்த 'முதலில்' என்ற சொல்லை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

இனி, ஊர் சுற்றிய கதை. இதற்குத்தான் அதிகக் கேள்விகள் எழுதியிருந்தோம்.

ஜெர்மனி முழுவதும் சாதாரண ரயிலிலும் பேருந்திலும் டிராமிலும் செல்ல ஒரு மாதச் சீட்டு 2023 மே மாதம் வந்தது. அப்போது விலை 49 யூரோ. 2025 ஜனவரியில் 58 ஆயிற்று. மாணவர்களுக்கு அதைவிட மலிவு. 2024 முதல் பல பல்கலைக்கழகங்களில் அரையாண்டுத் தொகையிலேயே அது சேர்ந்துவிடுகிறது. விரைவு ரயிலில் மட்டும் ஏற முடியாது. நின்று நின்று போகும் வண்டியில் நாள் முழுக்கப் போகலாம். அப்படித்தான் அக்கா கொலோன் சென்றார், ஒரு மணி நேரப் பயணம். அங்குள்ள பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1248-இல். கட்டி முடித்தது 1880-இல்! நடுவே பல நூற்றாண்டுகள் வேலை நின்றே கிடந்தது. கோபுரத்தின் உயரம் 157 மீட்டர். படியேறிப் பார்க்கக் கட்டணம் உண்டாதலால் அக்கா ஏறவில்லை, அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

எல்லையைத் தாண்டுவது எப்படி என்று கேட்டோம். லக்ஸம்பர்க் நாட்டில் மொசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று ஒரு சின்னக் கிராமம். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் ஒப்பந்தம் செய்தன: எங்கள் எல்லைகளில் இனிச் சோதனை வேண்டாம் என்று. 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு பல நாடுகள் சேர்ந்தன. ஜெர்மனியில் தங்கும் அனுமதி அட்டை வைத்திருக்கும் மாணவி, அந்நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றுலாவாகச் சென்று வரலாம். தனி விசா வேண்டாம். எங்கள் தோழி காட்டிய அந்த மூன்று நாட்டுக் கல் ஆகனுக்குப் பக்கத்துக் குன்றின் மேல்தான் இருக்கிறது. மூன்றே எட்டில் மூன்று நாடு! "விடுதியிலிருந்து நடந்தே போனேன். அன்றைய செலவு ஒன்றுமில்லை" என்றார் அக்கா. இதைத்தான் ஊரார் 'ஒரே நாளில் மூன்று நாடு சுற்றிவிட்டாள்' என்றது.

லக்ஸம்பர்க்கிலோ 2020 மார்ச் முதல் நாடு முழுவதும் பேருந்து, டிராம், ரயில் எல்லாம் இலவசம். முதல் வகுப்புக்கு மட்டும்தான் சீட்டு. ஆகவே எல்லை வரை ஜெர்மனியின் மாதச் சீட்டு, எல்லை தாண்டினால் இலவசம். காலை இருட்டில் கிளம்பி, டிரியர் நகரில் ரோமானியர் கட்டிய கருங்கோட்டை வாசலைப் பார்த்து, லக்ஸம்பர்க் பாலத்தையும் பார்த்து, நள்ளிரவில் அறைக்குத் திரும்பினார். தங்கும் விடுதிக்குக் காசு கிடையாது. கையில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும். பெல்ஜியத்திலுள்ள லூவென் நகரத்துக்கும் சென்றிருக்கிறார். 1425-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. தொழுநோயாளருக்காக மொலக்காய் தீவில் வாழ்ந்து 1889-இல் மரித்த புனித தமியானின் கல்லறையும் அங்கேதான். அவரது உடலை 1936-இல் கப்பலில் சொந்த நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தக் கல்லறை முன் அக்கா நெடுநேரம் உட்கார்ந்திருந்தாராம். ஏன் என்று கேட்டோம். "வீடு திரும்பாமல் போனவர் அல்லவா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பயணம் திரும்பும்போது ஒரு சங்கடம். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் மறுபடி சோதனை வைத்திருந்தது. பேருந்தில் காவலர்கள் ஏறினார்கள். அக்கா அனுமதி அட்டையை அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கைப்பேசியில் அதன் படம் மட்டுமே இருந்தது. மழையில் கீழே இறக்கி நிறுத்தினார்கள். பேருந்து போய்விட்டது. ஒரு மணி நேரம் விசாரித்துச் சரிபார்த்து அனுப்பினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். "தப்பு என்னுடையது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் நம் வீடு எவ்வளவு தூரம் என்று தெரிந்தது" என்றார். அந்தப் பயணத்தின் படத்துக்குத்தான் தெருவில் அதிகப் பேச்சு எழுந்தது.

இந்த இடத்தில்தான் எங்களில் ஒருத்தி 27-ஆம் கேள்வியைக் கேட்டாள். "அக்கா, உங்கள் மதிப்பெண் எவ்வளவு?"

மறுமுனையில் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தோம்.

பிறகு அக்கா மெல்லச் சொன்னார். அங்கே மதிப்பெண் தலைகீழ். 1.0 தான் மிக உயர்வு. 4.0 வரை தேர்ச்சி; 5.0 என்றால் தோல்வி. ஒரு தேர்வை எழுத மூன்று வாய்ப்புகள். மூன்றாவதும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்தது; அதே படிப்பை அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. கணக்கு மிகுந்த ஒரு பாடத்தில் அக்கா இரண்டு முறை தோற்றிருந்தார். பிப்ரவரியில் மூன்றாவது.

நம் பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர் அவர். எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

காரணத்தையும் அவரே சொன்னார். மாணவர் ஆண்டுக்கு 120 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்று இருந்தது; 2024 மார்ச்சில் அது 140 ஆயிற்று. கடன் வட்டியை அப்பா மேல் ஏற்றக்கூடாது என்று, அக்கா ஒரு பேக்கரியில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்தார். 2024-இல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. நம் கணக்கில் ஆயிரத்துக்கு மேல்! ஆனால் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். ரொட்டிகளின் ஜெர்மன் பெயர்களே நாற்பதுக்கு மேல் மனப்பாடம் செய்தாராம். பத்து மணி வகுப்பில் கண் சொக்கும். புரியாததைப் பேராசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய்க் கேட்கலாம், கூச்சத்தால் கேட்கவில்லை. "இங்கே நாமாகப் போய்க் கேட்டால்தான் சொல்வார்கள். நம் பள்ளியில் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவார்கள்" என்றார்.

கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. அடுப்படியில் எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு எல்லாமே கேட்டுவிட்டது. அவர் வந்து நின்றதை நாங்கள் பார்த்தோம், அக்கா பார்க்கவில்லை. கேள்வி கேட்ட எங்கள் தோழிக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா கைப்பேசியை வாங்கி, "எத்தன மணி நேரம் நிக்க அந்தக் கடையில?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. "நிக்காத. ஒரு நாள் போதும். வட்டிய அப்பா பாத்துக்கிடுவாங்க. சங்கிலி இருக்குல்லா" என்றார். பிறகு எங்களுக்குக் காப்பி கொடுத்தார். மீதி ஐந்து கேள்விகளையும் நாங்கள் கேட்கவில்லை.

அன்று முதல் அக்கா வாரம் ஒரு நாள் மட்டும் பேக்கரிக்குப் போனார். சந்திப்பு நேரத்துக்குச் சென்றார். பேராசிரியர் அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். ஸ்பெயின் நாட்டுப் பெண்ணோடு சேர்ந்து நூலகத்தில் இரவு வரை பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார். அந்த இரண்டு மாதங்களும் படம் ஒன்றும் வரவில்லை. தெருவில் பேச்சும் இல்லை.

இதையெல்லாம் ஆண்டுமலரில் எழுதலாமா என்று அக்காவிடமே கேட்டோம். "பெயரைப் போடாமல் எழுதுங்கள். சிஸ்டர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை" என்றார்.

2025 மார்ச்சில் முடிவு வந்தது. எங்கள் தோழி காலையில் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே ஓடி வந்து சொன்னாள்: 3.3. மாலையில் நாங்கள் ஆறு பேரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெரியம்மாவும் அங்கே இருந்தார்.

"மூணு புள்ளி மூணா? பத்துக்கா?" என்று கேட்டார்.

"இல்லை பெரியம்மா, அங்கே ஒன்றுதான் உயர்வு. ஐந்து என்றால் தோல்வி" என்று விளக்கினோம்.

"அப்ப அஞ்சு வாங்கியிருந்தா?"

"படிப்பை விட்டுத் திரும்பி வந்திருப்பார்கள்."

பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த மூணு நாட்டுக் கல்லு படத்த இன்னொரு தடவ காட்டு பிள்ள" என்று எங்கள் தோழியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.